வெள்ளையடித்த இஞ்சின் அறை

தூது போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. போன காரியத்தை முடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் ஒரு வகை. போன இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் மற்றொரு வகை. அடியேன் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன் என்பதைச் சென்ற ஆண்டு கோயமுத்தூரில் கண்டுகொண்டேன்.

என் மைத்துனர் கோயமுத்தூரில் வசிக்கிறார். அவருக்கு ஒரே குமாரன். என்ஜினீயரிங் பரீட்சையில் தேறி, குளிரூட்டிய காரியாலயம் ஒன்றில் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்து கௌரவமாகச் சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்ட பிள்ளை பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றை விலைக்கு வாங்கி, உள்ளே இருந்த மெத்தைகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, இரும்புக் குழாயினால் கூண்டு கட்டிக்கொண்டு, செட்டிபாளையம் பந்தயப் பாதையில் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்பது குடும்பத்தில் ஏற்கனவே பிரசித்தமான சமாசாரம். இப்போது அந்தக் காரின் இஞ்சினைக் கழற்றிவிட்டு, அதைவிட வலுவுள்ள வேறொரு இஞ்சினை வைக்கப் போகிறானாம்.

"அண்ணா! இருக்கிற இஞ்சினுக்கே எனக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. இன்னும் பெரிய இஞ்சின் வேறா? நீங்கள் ஒரு தடவை வந்து எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்று மைத்துனரின் மனைவி டெலிபோனில் கண்ணீர் வடித்தாள்.

நான் சொன்னால் கேட்பான் என்பதற்கு அத்தாட்சி எதுவும் கிடையாது. இந்த வீட்டிலேயே நான் சொல்வதை யார் கேட்கிறார்கள் என்று என் சகதர்மிணி பக்கத்திலிருந்து ஞாபகப்படுத்தினாள். ஆயினும் ரயில் ஏறினேன்.

மைத்துனருக்கு வேறு விதமான ஆட்சேபம். "பந்தயமெல்லாம் மகாராஜாக்களுக்கும் மில் முதலாளிகளுக்கும் உரியது. மாதச் சம்பளக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இது எதற்கு? கையெல்லாம் மசி. நகக்கண்ணில் மசி. பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார்.

அவர் சொன்னது முழுப் பொய் அல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. யுத்தம் முடிந்தபின், 1950-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் அங்கே கார்ப் பந்தயம் நடந்தது. வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டிய தனவான்களை ஜனங்கள் அங்கே வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் அதே ஓடுதளத்தில், தெருவில் போகிற பியட்டையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் பட்டறையில் வைத்துத் திருத்தி ஓட்டியவர்களும் இருந்தார்கள். பின்னர் கோயமுத்தூரிலேயே எஸ். கரிவரதன் என்பவர் தோன்றினார். 1980-களின் இறுதியில் அவர் மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் இஞ்சினை, அதாவது 796 கன சென்டிமீட்டரே உள்ள இஞ்சினை எடுத்து, ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைச் செய்தார். கறிகாய் வாங்கப் போகும் காரின் இஞ்சின்! 'பார்முலா மாருதி' என்று பெயர் பெற்ற அந்தக் கார்களில் ஆரம்பத்தில் ஓட்டிப் பழகிய கோயமுத்தூர்ப் பிள்ளைதான் நாராயண் கார்த்திகேயன். 2005-ம் ஆண்டு மெல்போர்னில் பார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்டு, அந்த வரிசையில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் காலமாகிவிட்டார். செட்டிபாளையம் பாதை இன்று அவர் பெயரால்தான் வழங்குகிறது.

இவ்வளவையும் மைத்துனரிடம் நான் எடுத்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான், தூதன் எதிர்க்கட்சிக்கு வக்காலத்து வாங்கிவிட்டான் என்பது எனக்கே விளங்கிற்று.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். பீளமேட்டுக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகை. காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை என் மருமகனுடையவை என்று செருப்பைக் கொண்டு ஊகித்தேன். மேலே, பானெட்டைக் கழற்றிய வாயின் ஓரத்தில், அறுபது வயதுக்கு மேற்பட்ட மெக்கானிக் ஒருவர் குனிந்துகொண்டிருந்தார். எல்லாரும் அவரைப் 'பாய்' என்று அழைத்தார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரயிலில் உருப்போட்டு வந்த பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"ஐயா, இந்த விளக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா?" என்றார் பாய்.

பிடித்துக்கொண்டேன். தூது அத்துடன் முடிந்தது.

நேயர்களுக்கு இந்த இஞ்சின் மாற்று வைபவத்தைப் பற்றிச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். பழைய இஞ்சின் 1,298 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உள்ளது. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க ஒரு கார்புரேட்டர். சுமார் 65 குதிரைத் திறன். பிற்காலத்து எஸ்டீம்களில் வந்த இஞ்சினும் அதே 1,298 கன சென்டிமீட்டர்தான். சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் அதேதான். ஆனால் சிலிண்டருக்கு நான்காக வால்வுகள் பதினாறு. கார்புரேட்டருக்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து பீச்சும் ஊசிக்குழாய். எவ்வளவு பீச்சுவது என்று கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர்ப் பெட்டி. திறன் 85 குதிரை. வயிற்றின் அளவு மாறாமல் இருபது குதிரை கூடுவது மூச்சு விடுகிற விசேஷத்தினால். வாசல் பெரிதானால் கூட்டம் சீக்கிரம் உள்ளே போய்ச் சீக்கிரம் வெளியே வருகிறதல்லவா?

பின்பக்கம் அடிபட்டு நொறுங்கிய கார் ஒன்று உக்கடத்தில் பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் கிடந்ததாம். அதிலிருந்து இஞ்சின், கம்பிக் கற்றை, கம்ப்யூட்டர்ப் பெட்டி, டாங்கி, டாங்கிக்குள் இருக்கும் மின்சாரப் பம்பு எல்லாவற்றையும் பையன் மொத்தமாக வாங்கியிருந்தான். அவன் ஓடுகிற பிரிவின் விதிகளில் இந்த மாற்றத்துக்கு இடமுண்டு என்று முதலில் படித்துத் தெரிந்துகொண்டே வாங்கியிருக்கிறான். இதை வாசித்துவிட்டு யாரும் தங்கள் வீட்டுக் காரில் கைவைத்துவிட வேண்டாம். தெருவில் ஓடும் காரின் இஞ்சினை இஷ்டப்படி மாற்ற 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடம் கொடாது. பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். இந்தக் கார் தெருவுக்கே போவதில்லை. பல்லக்கு மாதிரி லாரியில் ஏறித்தான் பந்தயத்துக்குப் போகும்.

இஞ்சின் மாற்றுவதென்றால் பல்பு மாற்றுவதுபோல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டுவது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பாய் சிரித்தார். "இஞ்சினை மாற்றுவது ஒரு நாள் வேலை, ஐயா. இஞ்சின் இருக்கிற இடத்தை மாற்றுவது ஒரு மாத வேலை" என்றார்.

அன்று சாயங்காலமே பழைய இஞ்சினும் கியர்பெட்டியும் ஒன்றாகச் சங்கிலிக் கப்பியில் தொங்கின. கழற்றுமுன் பையன் ஒவ்வொரு கம்பியையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டான். பாய் அதை ஒன்றும் குறை சொல்லவில்லை. தம்பாட்டுக்கு ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் காகிதப் பட்டை ஒட்டி, ஒரே எண்ணை இரண்டிலும் எழுதிக்கொண்டே போனார். பிற்பாடு தேவைப்பட்டது எது என்று கேட்டால், இரண்டும்தான்.

இஞ்சின் போன பிறகு அந்த வெற்றிடத்தைப் பார்த்தேன். நம் ஊரில் நாற்பது வருஷம் குடியிருந்த வாடகைக்காரர் காலி செய்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை வர்ணிக்க வேண்டியதில்லை. எண்ணெயும் புழுதியும் கலந்து விரற்கடை கனத்துக்கு அடையாக அப்பியிருந்தது. மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கரைத்து, கம்பித் தூரிகையால் சுரண்டி, சோப்பு நீர் விட்டுக் கழுவி, மறுபடியும் மண்ணெண்ணெய். மூன்று நாள் நானும் சுரண்டினேன். மைத்துனர் சொன்ன மசி என் நகக்கண்ணிலும் ஏறிவிட்டது. எனக்குப் பெண் பார்க்க யாரும் வரப்போவதில்லையாதலால் பாதகமில்லை.

அழுக்குப் போனபின்தான் உண்மை வெளிப்பட்டது. பாட்டரி இருந்த தட்டின் கீழே, பாட்டரித் திராவகம் வருஷக்கணக்கில் சொட்டி, தகடு அப்பளமாகியிருந்தது. பாய் ஆள்காட்டி விரலால் ஓர் அழுத்து அழுத்தினார். விரல் மறுபக்கம் போய்விட்டது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். பாட்டரியையே அங்கிருந்து கிளப்பி, பின்பக்கத்தில் பெட்டிக்குள் குடிவைத்தார்கள். இந்த இடமாற்றத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வேலை இருக்கிறது.

இஞ்சினுக்கும் ஓட்டுகிறவனுக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர் நிற்கிறது. 'பயர்வால்' என்பார்கள். பழைய ஹீட்டர்க் குழாய்கள், குளிர்சாதனக் குழாய்கள், முன்பு வைத்திருந்தவர் பாட்டுப் பெட்டிக்காகப் போட்ட கம்பி என்று என்னென்னவோ போன ஓட்டைகள் அந்தச் சுவரில் இருந்தன. இனி வேலையில்லாதவை எத்தனை என்று எண்ணினேன், பதினொன்று. ஒவ்வொன்றையும் தகடு வைத்து மூட வேண்டும் என்றார் பாய். "இந்தச் சின்ன ஓட்டைக்குக்கூடவா?" என்று ஒரு பென்சில் நுழையும் துவாரத்தைக் காட்டினேன். "நெருப்புக்குப் பென்சில் பருமன் போதும், ஐயா" என்றார். கம்பிகள் போக வேண்டிய துவாரங்களுக்கு ரப்பர் வளையம். இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு அதிர்ந்து அதிர்ந்து கம்பியின் உறையை அறுத்துவிடும். பிறகு பொறி பறக்கும்.

டெலிபோனில் அழுத அம்மையாரின் பயம் எல்லாம் இஞ்சினின் குதிரைகளைப் பற்றியது. அந்தப் பதினோரு ஓட்டைகளைப் பார்த்த பிறகு, பயப்பட வேண்டியது குதிரைகளுக்கு அல்ல, லாயத்துக்குத்தான் என்று எனக்குப் பட்டது. அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. இருக்கிற பயத்தை எடுக்காமல் புதுப் பயத்தைக் கொடுப்பானேன்?

இந்தக் கட்டத்தில் பாய்க்குப் பாலக்காட்டில் பேத்தியின் கல்யாணம் வந்தது. நான்கு நாள் லீவு. "வர்ணம் மட்டும் பாக்கி. நான் வந்து அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாலிப ரத்தம் நான்கு நாள் பொறுக்குமா? பையன் காற்றழுத்த இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கி வந்து, செந்நிற அடிப்பூச்சு ஒன்று, அதன்மேல் பளீரென்ற வெள்ளை இரண்டு பூச்சு அடித்துத் தள்ளிவிட்டான்.

இஞ்சின் அறைக்கு வெள்ளை எதற்கு என்று கேட்டேன். பந்தயக்காரர்களின் பழைய வழக்கமாம். கறுத்த சுவரில் எண்ணெய் கசிந்தால் தெரியாது. வெள்ளைச் சுவரில் ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். சமையலறைக்கு வெண்சுண்ணாம்பு அடித்த நம் பாட்டிமார்கள் இதைத்தானே செய்தார்கள் என்றேன். பையன் ஒப்புக்கொண்டான்.

வர்ணம் உலரும் வரையில் அவன் எனக்குக் கதை சொன்னான். இஞ்சின் மாற்றும் வியாதி இன்று நேற்று வந்தது அல்லவாம். 1921-ம் ஆண்டில் இங்கிலாந்தில் சுபரவ்ஸ்கி என்ற இளம் பிரபு, மெர்சிடிஸ் காரின் சட்டத்தில் விமானத்துக்கென்று செய்த மேபாக் இஞ்சினை ஏற்றி, புரூக்லண்ட்ஸ் பாதையில் ஓட்டினாராம். கொள்ளளவு 23 லிட்டர்! நம் பையனுடையதைப்போல் பதினேழு பங்குக்கு மேல். அது போதாதென்று, பிறகு 27 லிட்டர் கொண்ட லிபர்ட்டி விமான இஞ்சினை வேறொரு காரில் வைத்தார். அவர் 1924-ல் மோன்சா பந்தயத்தில் மாண்டபின் அந்தக் காரை வாங்கிய பாரி தாமஸ் என்ற என்ஜினீயர் அதற்குப் 'பாப்ஸ்' என்று செல்லப் பெயர் சூட்டி, 1926-ல் வேல்ஸ் தேசத்துக் கடற்கரை மணலில் மணிக்கு 171 மைல் ஓட்டி உலகச் சாதனை செய்தார். மறுவருஷம் அதே மணலில் அதே காரில் உயிரிழந்தார். காரை அங்கேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். 1969-ல், அதாவது நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, ஒருவர் அதைத் தோண்டி எடுத்து, உப்பு தின்றது போக மிஞ்சியதைப் பழுதுபார்த்து, மறுபடியும் ஓட வைத்துவிட்டாராம். "அந்த மனுஷ்யர் எத்தனை நாள் சுரண்டியிருப்பார், மாமா!" என்று பெருமூச்சு விட்டான். நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு பிரேதங்கள் வந்த கதையைச் சொல்லிவிட்டு, சுரண்டியவருக்காக மட்டும் அனுதாபப்படுகிறானே என்று நினைத்தேன்.

பாய் திரும்பி வந்தார். சுவரைப் பார்த்தார். "எல்லாவற்றுக்கும் சேர்த்தே அடித்துவிட்டாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

புது இஞ்சினை ஏற்றுமுன் செய்த சிறு காரியங்கள் பல. எல்லாவற்றையும் சொன்னால் இந்தப் பகுதி பட்டறைக் கணக்குப் புஸ்தகமாகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கிளச் தட்டை மையம் பிசகாமல் பொருத்த வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கியர்பெட்டியின் தண்டு உள்ளே போகாது. இதற்கென்று கருவி விற்கிறார்கள். பாய் பழைய கியர்பெட்டி ஒன்றிலிருந்து எடுத்த தண்டையே சொருகி, தட்டை நேராக்கி, போல்ட்டுகளை முறுக்கியபின் அதை உருவிக்கொண்டார். அந்தத் தண்டை அவர் முப்பது வருஷமாக ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறார். பம்புசெட்டும் மோட்டாரும் வார்ப்பிரும்பும் செய்து பிழைக்கிற ஊர் அது. கோயமுத்தூரில் ஒரு தெருவுக்கு எத்தனை லேத்துப் பட்டறைகள்! நம் நாட்டில் மூளைக்குப் பஞ்சமில்லை என்று மேடைகளில் முழங்குகிறோம். அந்தத் துணிச் சுருளில் இருந்தது மூளையா, கையா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

பையன் சாவியைத் திருப்பும் சுபமுகூர்த்தம் வந்தது. 'டக்' என்று ஒரு சப்தம். அவ்வளவுதான். மறுபடியும் 'டக்'. மூன்றாவது தடவை ஆக்ஸிலரேட்டர்க் கம்பியின் உறையிலிருந்து மெல்லிய புகை கிளம்பிற்று. "நிறுத்து!" என்று பாய் கத்தினார்.

காரணத்தைப் பிறகு விளக்கினார். இஞ்சின் ரப்பர்த் திண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால் பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போன மின்சாரம் திரும்பி வர, இஞ்சினையும் காரின் உடலையும் சேர்த்து ஒரு செம்புப் பட்டை போடுவார்கள்; அதுதான் 'எர்த்'. பாட்டரி பின்பக்கம் போய்விட்டபடியால் அந்த ஒரு பட்டையே கதி. பட்டை என்னவோ இருந்தது. ஆனால் அதை முறுக்கிய இடத்தில் பையன் அடித்த வெள்ளை வர்ணம் இரண்டு பூச்சு! வர்ணமும் மின்சாரத்தைக் கடத்தாது. நேர்வழி அடைபட்ட மின்சாரம் சந்து வழியாக, ஆக்ஸிலரேட்டரின் மெல்லிய கம்பி வழியாக, வீடு திரும்பப் பார்த்தது. ஒரு பைசா அளவு வர்ணத்தைச் சுரண்டியதும் சரியாயிற்று.

பிறகு தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, பெட்ரோல் பம்பின் பியூஸையும் எடுத்துவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறி எச்சரிக்கை விளக்கு அணையும்வரை வெறுமனே சுற்ற வைத்தார்கள். உலர்ந்த பேரிங்குகளில் இஞ்சினை ஓட்டக் கூடாதாம். எல்லாவற்றையும் மறுபடி மாட்டிச் சாவியைத் திருப்பியபோது, இஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பாட ஆரம்பித்தது. நான் கைதட்டினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அது வெள்ளிக்கிழமை இரவு. மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் செட்டிபாளையத்தில் ஒத்திகை ஓட்டம்.

காலையில் பந்தயப் பாதையில் காரை லாரியிலிருந்து இறக்கி, இஞ்சினைச் சூடாக்கினார்கள். பையன் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். பாய் பானெட்டுக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். "இஞ்சினை நிறுத்து" என்றார்.

எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. பந்தய மைதானமே பெட்ரோல் மணக்கிறது; அதில் என்ன தெரியும்? பாய் விளக்கை வாங்கி, சுவரின் அடிப்பாகத்தில், இஞ்சினுக்குப் பின்னால் கை நுழையாத சந்தில் காட்டினார். வெள்ளைச் சுவரில் மஞ்சள் நிறமாக ஒரு கோடு, தலைமயிர் அகலத்தில், கீழ்நோக்கி இறங்கியிருந்தது. கோடு தொடங்கிய இடத்தில் ஒரு சாண் நீள ரப்பர்க் குழாய். அதுவும் வெள்ளை. அதன்மேலிருந்த வர்ணம் மட்டும் வேனற்கட்டி மாதிரி கொப்புளித்திருந்தது.

அது பழைய குழாய். காருக்கு அடியில் ஓடி வரும் இரும்புக் குழாயின் முனையில் மாட்டியிருந்தது. இஞ்சின் அறையைக் காலி செய்தபோது அதைக் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். பையன் வர்ணம் அடிக்கையில் அதற்கும் சேர்த்து அடித்துவிட்டான். "நானும் பார்த்தேன், தம்பி. வெள்ளையாக இருந்தது. புதிது என்று நினைத்துவிட்டேன். தப்பு என்னுடையது" என்றார் பாய்.

பழைய இஞ்சினாக இருந்தால் அந்தக் குழாய் இன்னும் ஒரு வருஷம் உழைத்திருக்கக் கூடும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அளவுதான். ஊசிக்குழாய் இஞ்சினுக்கு டாங்கிக்குள்ளிருக்கும் பம்பு சுமார் மூன்று கிலோ அழுத்தத்தில் தள்ளுகிறது. பத்து மடங்குக்கு மேல். அதற்கென்று கனத்த குழாய் தனியாக இருக்கிறது. தாங்கும் அழுத்தத்தை அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை இறுக்கும் வளையமும் வேறு. பற்கள் வெட்டிய சாதாரண வளையம் குழாயையே கடித்துவிடும். வழவழப்பான பட்டை வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். அந்த ஒரு சாண் தவிர.

மணி எட்டரை. அந்தக் குழாய் வாங்க ஊருக்குள் போய்த் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். ஒத்திகையில் ஓடாவிட்டால் மறுநாள் பந்தயத்தில் இடமில்லை. கட்டிய பணமும் திரும்பாது. இரண்டு மாத உழைப்பு!

"மூன்றே சுற்று, பாய். வளையத்தை இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டு, மேலே டேப் சுற்றிக்கொள்கிறேன். மூன்று சுற்றில் என்ன ஆகிவிடும்?" என்றான் பையன். பாய் பதில் சொல்லவில்லை. காரிலிருந்து சாவியை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையனின் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்களாவது சொல்லுங்கள்!"

என்னை எதற்காக அந்த ஊருக்கு அனுப்பினார்கள்? அவனைத் தடுப்பதற்கு. அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? 'மூன்று சுற்றுத்தானே, பாய்' என்பதுதான். மூன்று நாள் சுரண்டியவன் நான். அது ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இருந்ததில் கால் பங்காவது எனக்கும் இருந்தது. வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. தகட்டில் பென்சில் துவாரத்தை மூடச் சொன்ன அந்தக் குரல் ஞாபகத்துக்கு வந்திராவிட்டால் வெளியேயும் வந்திருக்கும். "பாய் சொல்கிறபடி செய்" என்றேன். அவன் தலைக்கவசத்தைப் புல்லில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் யாருடனும் பேசவில்லை.

கார்கள் ஒத்திகைக்குப் புறப்பட்ட பேரிரைச்சலுக்கு நடுவில், பாய் அந்தக் குழாயைக் கழற்றிப் பெட்ரோலை வடித்துவிட்டு, பையனிடம் கொடுத்து, "வளைத்துப் பார்" என்றார். வளைத்தான். வர்ணம் உதிர்ந்தது. உள்ளே ரப்பர் முழுவதும் வறண்ட ஏரியின் தரைபோல் வெடித்திருந்தது. ஒரு வெடிப்பின் வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. பையன் அதைச் சிறிது நேரம் கண்ணருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இன்றும் அது அவன் மேஜைமேல் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அடுத்த பந்தயம் வந்தது. நானும் போயிருந்தேன். இம்முறை தூதனாக அல்ல, விளக்குப் பிடிப்பவனாக. மைத்துனரும் வந்தார். அவர் மனைவியும் வந்தாள். அவளைச் சம்மதிக்க வைத்தது என் பிரசங்கம் அல்ல. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பாயின் கதையைக் கேட்டுத்தான் வந்தாள். ஓடிய பதினான்கு கார்களில் பையன் ஒன்பதாவதாக வந்தான். இருபது குதிரை கூடியும் ஒன்பதாவதுதானா என்று மைத்துனர் கேட்டார். மற்றவர்கள் குதிரைகளும் கூடியிருக்கும் என்றேன்.

கார் திரும்பி வந்து நின்று சூடு ஆறியதும், அந்த அம்மாள் பானெட்டைத் திறக்கச் சொன்னாள். இஞ்சினைப் பார்க்கவில்லை. குனிந்து, பின்னாலுள்ள வெள்ளைச் சுவரில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"என் சமையலறைச் சுவர்கூட இவ்வளவு சுத்தமாக இல்லையே! வருகிற ஞாயிற்றுக்கிழமை அதற்கும் அடித்துக் கொடுத்துவிடு" என்றாள் மகனிடம்.

"கியாஸ் குழாய்க்கு மட்டும் அடிக்காதே, தம்பி" என்றார் பாய்.